அதிரும் வண்டியில் அடங்கிய விசை

ஒரு கணக்கிலிருந்து தொடங்குவோம். இந்தியாவில் உரிமம் பெற்ற தனியாரிடம் இருக்கும் கைத்துப்பாக்கிகளில் நன்கு அறிமுகமானது கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர். அதிலிருந்து பாயும் குண்டு ஆறு கிராமுக்குச் சற்று மேல். குழலை விட்டுக் கிளம்பும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 150 ஜூல். வங்கி வாசலில் காவலர் தோளில் தொங்கும் 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கியின் ஒரு தோட்டா 2,000 ஜூலைக் கொஞ்சம் தாண்டும். இப்போது 190 கிலோ எடையுள்ள ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளில் 70 கிலோ எடையுள்ள ஒருவர் சென்னை–திருப்பதி சாலையில், திருத்தணியைத் தாண்டி, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்டியும் ஆளுமாகச் சுமந்துகொண்டு போகும் இயக்க ஆற்றல் 36,000 ஜூல். இடுப்பில் இருக்கும் ரிவால்வரின் குண்டைப்போல 240 மடங்கு.

துப்பாக்கியோடு ஒருவர் வண்டியில் போனால் பார்ப்பவர்களின் பயமெல்லாம் துப்பாக்கிமேல்தான். இயற்பியல் வேறு பக்கம் கைகாட்டுகிறது. பெரிய ஆற்றல் வண்டியிடம் இருக்கிறது. துப்பாக்கியில் இருப்பது ஒரு சின்னக் கொக்கியில் மாட்டி நிறுத்திவைத்த சிறிய ஆற்றல். பெரியது சிறியதை எப்படியெல்லாம் உலுக்கும், கடைசியில் எப்படித் தரையில் அறையும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

திருத்தணி வட்டாரத்துக்குத் துப்பாக்கி புதிதல்ல. தெற்கே அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளம். அருகிலேயே தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன். தக்கோலத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம். மேற்கே வேலூர்ப் பக்கத்துக் கிராமங்கள் தலைமுறைகளாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பியவை. ஓய்வுபெற்று வந்தவர் சொந்த உரிமத்தில் ஒரு 12 போர் வாங்கி வங்கிக் காவல் வேலைக்குப் போவது தமிழ்நாடு முழுக்கக் காணும் வழக்கம். வீட்டிலிருந்து வங்கிக்கு அவர் போவது பெரும்பாலும் இருசக்கர வண்டியில். ரோந்து போகும் போலீஸ்காரர் இன்னொருவர். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி, இரவில் காட்டோரம் மொபெட்டில் போகிறவர் மூன்றாமவர். செய்தித்தாளில் நாம் அதிகம் படிப்பது இவரைப் பற்றித்தான்.

ஓடும் வாகனத்தின் மேல் ஆயுதத்தோடு இருப்பதன் சங்கடத்தைத் தக்கோலம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது. 949-இல் அங்கே நடந்த போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். யானைமேல் துஞ்சின தேவர் என்ற பெயரே அவனுக்கு நிலைத்தது. துப்பாக்கி பிடிக்கக் கற்றுத்தரும் அந்தப் பயிற்சி மையத்துக்கு 2025-இல் அவன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். வைத்தவர்கள் யானையைப் பற்றி யோசித்தார்களா என்று தெரியாது. எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

மோட்டார் சைக்கிளும் துப்பாக்கியும் பல நாடுகளில் ஒரே பட்டறையில் பிறந்தவை. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் ஊசி செய்து பிழைத்த ஒரு நிறுவனம் சைக்கிளுக்கு மாறியது. பிறகு மிடில்செக்ஸ் மாவட்டத்து என்ஃபீல்டில் இருந்த அரசு துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுண்ணிய உதிரி பாகங்கள் செய்துகொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. அந்தத் தொடர்பில்தான் 1890-களில் ராயல் என்ஃபீல்டு என்ற பெயர் வந்தது. துப்பாக்கியைப்போலச் செய்யப்பட்டது என்பது அவர்களுடைய விளம்பர வாசகம், பீரங்கி அவர்களுடைய சின்னம். போட்டி நிறுவனமான பி.எஸ்.ஏ.வின் முழுப்பெயரே பர்மிங்காம் சிறு ஆயுத நிறுவனம். சுவீடனின் ஹஸ்க்வர்னா 1689-இல் அரசருக்குத் துப்பாக்கி செய்யத் தொடங்கிய இடம். பெல்ஜியத்தின் எஃப்.என். துப்பாக்கியும் செய்தது, மோட்டார் சைக்கிளும் செய்தது. ராயல் என்ஃபீல்டின் புல்லட் என்ற வண்டி 1932-இல் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு எல்லைக் காவலுக்கு வண்டி தேடிய இந்திய ராணுவம் அதைத் தேர்ந்தெடுத்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் ரெட்டிச்சோடு கூட்டுச் சேர, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தாய் நிறுவனம் 1970 வாக்கில் மூடப்பட்டது, திருவொற்றியூர் பிழைத்துக்கொண்டது.

இந்த உறவு தற்செயலானதல்ல. துப்பாக்கிக் குழலும் எஞ்சின் சிலிண்டரும் துல்லியமாகக் கடைந்த உலோகக் குழாய்கள். இரண்டிலும் எரிபொருள் நொடியில் வாயுவாகி, முன்னால் இருப்பதைத் தள்ளுகிறது. பெட்ரோல் எஞ்சினில் உச்ச அழுத்தம் வளிமண்டலத்தைப்போல நாற்பது ஐம்பது மடங்கு. 12 போரில் அறுநூறுக்கும் மேல். ஆனால் பெரிய வித்தியாசம் அழுத்தத்தில் இல்லை. துப்பாக்கியில் தள்ளப்பட்டது போனது போனதுதான். எஞ்சினில் பிஸ்டனைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். அழைத்து, மறுபடி அனுப்பி, மறுபடி அழைத்து, ஒரு நொடிக்குள் ஐம்பது முறை. வண்டியின் அதிர்வு முழுக்க அந்தத் திரும்ப அழைப்பதில் இருக்கிறது.

பழைய 346 சி.சி. புல்லட்டை எடுத்துக்கொள்வோம். பிஸ்டன் 90 மில்லிமீட்டர் தூரம் மேலும் கீழும் ஓடும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது, பிஸ்டன் நொடிக்கு 50 முறை உச்சிக்குப் போய் நின்று திரும்புகிறது. திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப்போல 450 மடங்கைத் தாண்டும். ஒற்றை சிலிண்டரில் இதற்கு எதிர்வீச்சுக் கொடுக்க இன்னொரு பிஸ்டன் கிடையாது. கிராங்க்கில் எதிர் எடை வைத்து மேலும் கீழுமான உதறலைப் பாதியாகக் குறைக்கலாம். அப்படிக் குறைத்தால் முன்னும் பின்னுமாக ஓர் உதறல் புதிதாகக் கிளம்பும். இந்தக் கணக்கை முழுதாகத் தீர்க்க, எதிர்த்திசையில் சுழலும் தனித் தண்டு ஒன்று வேண்டும். 2020-இல் மீட்டியோர் வண்டியோடு வந்த 349 சி.சி. எஞ்சினில் அப்படி ஒரு தண்டு வந்தது. புது புல்லட்டில் பழைய உதறல் இல்லையே என்று வருத்தப்படுகிற ரசிகர்கள் அந்தத் தண்டைத்தான் குறை சொல்கிறார்கள்.

சென்னையிலிருந்து திருத்தணி 85 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் என்று கொண்டால், பழைய புல்லட்டின் சட்டம் 3,60,000 முறை உதறியிருக்கும். இடுப்பில் இருக்கும் துப்பாக்கிக்கு இதில் ஒரு பங்கு வந்து சேரும். உடலின் சதை 50 ஹெர்ட்ஸ் அதிர்வைப் பெரும்பாலும் உறிஞ்சிவிடும். அதே துப்பாக்கியைப் பக்கப் பெட்டியில் வெறுமனே போட்டால் உறிஞ்ச ஒன்றுமில்லை. சாலையின் மேடுபள்ளம் தரும் அசைவு வேறு வகை. அது நொடிக்குச் சில முறை மட்டும் வருகிற மெதுவான, பெரிய ஆட்டம். மனித உடம்பின் நடுப்பகுதி 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை ஒத்ததிர்வு கொள்வதால், இந்த ஆட்டத்தை உடல் குறைப்பதில்லை, கூட்டிக் கொடுக்கிறது. நீண்ட பயணம் முடிந்து இறங்கும்போது அலுப்பு வயிற்றிலும் இடுப்பிலும் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு உதறலில் துப்பாக்கி தானாக வெடிக்குமா? நல்ல நிலையில் இருக்கும் நவீனத் துப்பாக்கி வெடிக்காது. அது எலிப்பொறி மாதிரி. சுருள்வில் இழுத்துக் கட்டியிருக்கும். ஒரு சின்ன உலோக நாக்கு அதைப் பிடித்திருக்கும். நாக்கு நழுவினால்தான் வில் விடுபடும். தோட்டாவின் அடியில் இருக்கும் தீக்குமிழுக்குக் கூர்மையான ஓர் அடி, ஒரே இடத்தில் வேண்டும். நொடிக்கு 50 முறை வரும் மெல்லிய தட்டல்களைக் கூட்டினாலும் அந்த ஓர் அடிக்கு ஈடாகாது.

அதிர்வு செய்யும் கெடுதல் மெதுவானது, திருகுகளில் தொடங்குகிறது. 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இதைச் சோதனையில் காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிடக் குறுக்குவாட்டில் வரும் அதிர்வுதான் அதை அதிகம் கழற்றுகிறது. மரைகள் பக்கவாட்டில் வழுக்கும் அந்தக் கணத்தில் சுழற்சியைத் தடுக்கும் உராய்வு இல்லாமல் போகிறது. இறுக்கத்தில் இருக்கும் இழுவிசையே நட்டைத் திருப்பிவிடுகிறது. பழைய புல்லட் வைத்திருந்தவர்கள் ஸ்பானரும் கையுமாக அலைந்ததற்கு இது விளக்கம். துப்பாக்கியிலும் கைப்பிடியின் திருகு, குறிமுள்ளின் திருகு எல்லாம் அதே விதிக்குக் கட்டுப்பட்டவை. சில ரிவால்வர்களில் காலித் தோட்டாக்களைத் தள்ளும் கம்பி மரையிட்டு மாட்டப்பட்டது. அது தளர்ந்து முன்னால் வந்துவிட்டால் சிலிண்டர் திறக்காமல் சிக்கிக்கொள்ளும். 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம், சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் ஐஃபோனை மாட்டினால் கேமராவுக்குள் இருக்கும் நுண்ணிய நிலைப்படுத்தி கெட்டுப்போகலாம் என்று வாடிக்கையாளர்களை எச்சரித்தது. கைபேசிக்கு நேர்வது எஃகுக்கும் நேரும். என்ன, கொஞ்சம் தாமதமாக.

நவீனத் துப்பாக்கி தாங்குவதை நாட்டுத் துப்பாக்கி தாங்காது. இந்த வட்டாரத்து வேட்டைக் கதைகள் எல்லாவற்றிலும் வருவது அதுதான்: ஒரு நீண்ட குழல், வாய்வழியாகக் கொட்டும் கருமருந்து, மேலே துணியோ தேங்காய் நாரோ வைத்துக் கம்பியால் இடித்து அடைத்த ரவை. நரிக்குறவர்கள் கையில் நெடுங்காலம் இருந்ததும் இந்த வகைதான். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவர்களுடைய வேட்டையை நிறுத்தியது. அதற்கு மாற்றாக அவர்களுக்குத் தரவேண்டியவற்றில் பலவற்றை நாம் அரை நூற்றாண்டு தள்ளிப்போட்டோம். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில்தான்.

தோட்டாவில் குண்டு பித்தளைக் கூட்டின் கழுத்தில் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். நாட்டுத் துப்பாக்கியில் ரவையைப் பிடித்திருப்பது அடைத்த துணியின் உராய்வு மட்டும். அதிர்வு உராய்வைத் தின்னும் என்பதை யுங்கரின் போல்ட்டில் பார்த்தோம். கெட்டித்த துப்பாக்கியை முதுகில் தலைகீழாக மாட்டிக்கொண்டு குழி விழுந்த மண்பாதையில் ஒரு மணி நேரம் மொபெட் ஓட்டினால், ரவையும் அடைப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் குழலின் வாயை நோக்கி இறங்கும். மருந்துக்கும் ரவைக்கும் நடுவே காற்றிடம் விழும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சுடும்போது மருந்திலிருந்து கிளம்பும் வாயு அந்தக் காலி இடத்தில் தடையின்றி வேகமெடுத்து, அசையாமல் நிற்கும் ரவைமேல் மோதும். மோதிய இடத்தில் அழுத்தம் திடீரென்று பல மடங்கு எகிறும். அங்கே குழல் வளையம்போலப் புடைக்கும், அல்லது பிளக்கும். பெரும்பாலும் குழலின் அந்தப் பகுதியைத்தான் இடதுகை பிடித்திருக்கும். வேட்டைக்குப் போனவர் துப்பாக்கி வெடித்துக் கை இழந்தார் என்று வரும் செய்திகளில் எத்தனைக்கு வண்டிப் பயணம் காரணம் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கைப்பற்றிய துப்பாக்கி வழக்குச் சொத்தாகிவிடும். பாதையில் இருந்த குழியை யார் விசாரிப்பது?

இன்னொரு ஆபத்து சுத்தியில். இந்தத் துப்பாக்கிகளில் தீக்குமிழை அடிக்கும் சுத்தி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது தீக்குமிழின் மேலேயே சாய்ந்து கிடந்தால், சுத்தியின் பின்பக்கம் விழும் எந்த அடியும் நேராக உள்ளே போய்விடும். விசையைத் தொட வேண்டியதே இல்லை.

போக்குவரத்தின் உலுக்கல் வெடிமருந்தின் வரலாற்றையே ஒருமுறை திருப்பியிருக்கிறது. கருமருந்தில் வெடியுப்பு முக்கால் பங்கு. மீதி கரியும் கந்தகமும். ஆரம்ப காலத்தில் மூன்றையும் பொடித்துக் கலந்து பீப்பாயில் அடைத்து வண்டியில் ஏற்றினார்கள். கரி இலகு, மற்ற இரண்டும் கனம். கரடுமுரடான பாதையில் நாள்கணக்கில் குலுங்கியதும் பொடிகள் பிரிந்து அடுக்கடுக்காகி, போர்க்களத்தில் மறுபடி கலக்க வேண்டி வந்தது என்று வெடிமருந்து வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 15-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் பொடியை ஈரமாக்கிப் பிசைந்து, உலர்த்தி, குருணையாக உடைக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு குருணையிலும் மூன்றும் பூட்டிக் கிடக்கும், குலுக்கினாலும் பிரியாது. குருணைகளுக்கு நடுவே தீ வேகமாக ஓடியதால் மருந்தின் வலுவும் கூடியது. மாட்டுவண்டிக்குக் கண்ட தீர்வு பீரங்கிக்கும் உதவியது.

கருமருந்து உலுக்கலைப் பொறுக்கும். பொறுக்காத கலவைகளும் உண்டு. 2021 நவம்பர் 4, தீபாவளி நாள். புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்தில் ஸ்கூட்டரில் நாட்டுப் பட்டாசு மூட்டையோடு போன ஒருவரும் அவருடைய ஏழு வயது மகனும், ஓடிக்கொண்டிருந்த வண்டியிலேயே மூட்டை வெடித்து இறந்தார்கள். 2024 தீபாவளியன்று ஆந்திராவின் ஏலூரில் வெங்காய வெடி மூட்டையோடு போன ஸ்கூட்டர் ஒரு குழியில் இறங்கிய இடத்தில் வெடித்தது. இவ்வகை வெடிகள் தரையில் எறிந்தாலே வெடிக்கும்படி செய்யப்படுபவை. உராய்வும் மோதலுமே அவற்றின் விசை. பொட்டாசியம் குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்துப் பட்டாசு செய்வதை இந்தியா 1992-இலேயே தடைசெய்ததற்கு இந்த எளிதில் தூண்டப்படும் குணம்தான் காரணம். தோட்டாவின் தீக்குமிழிலும் மோதலுக்கு எரியும் பொருளே இருக்கிறது. ஆனால் அளவு மிகச் சிறிது. பித்தளைக் கிண்ணத்துக்குள் பூட்டியது. அந்தக் கிண்ணம் இருப்பதும் இல்லாததும்தான் தோட்டாவுக்கும் கோட்டக்குப்பத்து மூட்டைக்கும் உள்ள தூரம்.

அதிர்வை விட்டு விழுதலுக்கு வருவோம். இங்கே நவீனத் துப்பாக்கியும் தப்ப முடியாது.

வண்டி எவ்வளவு வேகத்தில் போனாலும், இடுப்புயரத்திலிருந்து தரைக்கு விழும் வேகம் ஒன்றுதான்: ஒரு மீட்டர் உயரத்துக்கு நொடிக்கு 4.4 மீட்டர். முன்னோக்கிய வேகம் தேய்த்துக்கொண்டு போகும். செங்குத்தாக அறைவது இந்த 4.4 மீட்டர். அது எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உறையிலிருந்து நழுவிய துப்பாக்கி நேராகத் தார்ச்சாலையில் மோதி, இரண்டு மில்லிமீட்டருக்குள் நின்றால், அதன் மேல் செயல்படும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல 500 மடங்கு. நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த நேரத்தில் துப்பாக்கிக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகமும் 500 மடங்கு எடை கூடிவிடும். விசை மட்டும் பத்துக் கிராம் இருந்தால் அது ஐந்து கிலோவாக நடந்துகொள்ளும். மூன்று கிலோ இழுத்தால் இயங்கும் விசைக்கு அது போதும். விரலே இல்லாமல் விசை தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும்.

இது வெறும் தாள் கணக்கல்ல. அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளர்களின் தர அமைப்பு, நான்கு அடி உயரத்திலிருந்து ரப்பர் விரிப்பின் மேல் பல கோணங்களில் துப்பாக்கியைப் போட்டுச் சோதிக்கச் சொல்கிறது. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் சிக் சாவர் நிறுவனத்தின் பி320 வடிவத்தைத் தன் புதிய கைத்துப்பாக்கியாகத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு, தரச் சோதனைகளில் இல்லாத ஒரு சாய்கோணத்தில் பின்பக்கம் தரையில் படும்படி விழுந்தால் சந்தையிலிருந்த பி320 வெடிக்கிறது என்று வெளியே சிலர் காட்டினார்கள். காரணம் நாம் மேலே பார்த்ததுதான்: விசையின் எடை. ஆகஸ்டில் நிறுவனம் எடை குறைந்த விசையைப் பொருத்தித் தர முன்வந்தது. பழைய ரிவால்வர்களிலும் இதற்கு அண்ணன் ஒருவன் உண்டு; சுத்தி தோட்டாவின் மேலேயே தங்கும் வடிவங்களில், அனுபவப்பட்டவர்கள் ஆறு அறைகளில் ஒன்றைக் காலியாக விட்டு, அதன்மேல் சுத்தியை இறக்கி வைப்பார்கள். பிறகு வந்த வடிவங்களில் சுத்திக்கும் தோட்டாவுக்கும் நடுவே ஒரு தடைக்கட்டை வந்தது.

துப்பாக்கி உறையிலேயே, உடலை ஒட்டியே இருந்து ஆளோடு சேர்ந்து விழுந்தால்? சதையும் துணியும் இரண்டரை சென்டிமீட்டர் அமுங்கும் என்று வைத்தால் முடுக்கம் 40 மடங்குக்கு இறங்கிவிடும். துப்பாக்கி பிழைத்தது. அதைப் பிழைக்க வைத்தது இடுப்பெலும்பு. சாலையின் பரந்த பரப்பில் பரவியிருக்க வேண்டிய மோதல், ஒரு கிலோ எஃகின் விளிம்பு வழியாகச் சில சதுர சென்டிமீட்டரில் இறங்குகிறது. இதனால்தான் முதுகுத்தண்டின் அடியில், பெல்ட்டின் நடுவே, கடினமான எதையும் மாட்ட வேண்டாம் என்று வெளிநாட்டுப் போலீஸ் துறைகள் பலவற்றில் சொல்லிக் கொடுக்கிறார்கள். கைவிலங்குக்கும் அதே விதி. மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டில் முதுகுக்குத் தட்டு வைக்கிற அதே இடத்தில் நாமே ஓர் உளியைச் செருகிக்கொள்வானேன்?

நீளத் துப்பாக்கியைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு ஓட்டுவது இன்னும் மோசம். ஒரு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள கம்பி. விழும்போது ஒரு முனை தரையில் ஊன்றினால், வார் மாட்டிய இடத்தைச் சுற்றி நெம்புகோலாகி, விலா எலும்பையோ கழுத்தையோ தேடிப் போகும். இரண்டாம் உலகப் போரில் செய்தி சுமந்து ஓடிய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு வழக்கமாக ரிவால்வரே கொடுக்கப்பட்டது. மூடியுள்ள உறை, கைப்பிடியிலிருந்து கழுத்துக்கு ஒரு கயிறு. அந்தக் கயிறு இன்றும் நம் போலீஸ்காரர்களிடம் இருக்கிறது. அமெரிக்கர்கள் ஹார்லி டேவிட்சனின் ராணுவ வண்டியில் முன் ஃபோர்க்கோடு ஒரு தோலுறை கட்டி, ஐந்து கிலோ தாம்சன் துப்பாக்கியை அதில் செருகினார்கள். வீரனின் முதுகு தப்பியது. திருப்பும்போது கைப்பிடிக்குக் கனம் கூடியது. எதையும் இலவசமாகக் கொடுக்காத துறை இயந்திரவியல்.

வெயிலைப் பற்றியும் இரண்டு வரி சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊர் திருத்தணி. மே, ஜூன் மாதங்களில் தமிழ்நாட்டின் உச்ச வெப்பப் பட்டியலில் முதலில் வரும் ஊர்களில் இதுவும் ஒன்று. 44 பாகையைத் தாண்டிய நாள்கள் உண்டு. வெயிலில் நிற்கும் வண்டியின் கறுப்புப் பெட்டி எழுபது பாகை வரை போனாலும் தோட்டா வெடித்துவிடாது. புகையில்லா மருந்தான நைட்ரோசெல்லுலோஸ் தானாகப் பற்ற ஏறத்தாழ 170 பாகை வேண்டும். ஆனால் சூடு அதை மெல்லச் சிதைக்கும். சிதைவில் பிறக்கும் வாயு மேலும் சிதைக்கும். பிரான்ஸின் இயேனா (1907), லிபர்டே (1911) என்ற இரண்டு போர்க்கப்பல்கள் துலோன் துறைமுகத்தில் வெடித்துச் சிதறியதற்கு இப்படிக் கெட்டுப்போன மருந்தே காரணம். இப்போது சிதைவை உறிஞ்சும் நிலைப்படுத்தி சேர்க்கிறார்கள். அது தீர்ந்துபோகும் வேகம், ஒவ்வொரு கோடையிலும் பெட்டிக்குள் எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்தது.

இந்தியாவின் 2016 ஆயுத விதிகள் இவ்வளவு இயற்பியலையும் இரண்டு மூன்று வரிகளில் முடித்துவிடுகின்றன. பொது இடத்தில் கைத்துப்பாக்கி அதற்கான உறையில் இருக்க வேண்டும். நீளத் துப்பாக்கி அதற்கென்று செய்த பையில். இரண்டும் முழுதாக மூடியிருக்க வேண்டும். சுமப்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். விதி எழுதியவர்கள் நினைத்தது பார்ப்பவர்களின் அச்சத்தை. ஆனால் மூடிய உறை தூசியையும் மழையையும் தடுக்கும், நழுவலைத் தடுக்கும், விசைமேல் துணி சிக்குவதைத் தடுக்கும். சட்டம் இயற்பியலோடு தற்செயலாக ஒத்துப்போகும் இடங்களில் இது ஒன்று.

திருத்தணிக்காரருக்கு மட்டும் ஒரு கூடுதல் சிக்கல். ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று இந்த ஊர் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லை அப்போதிலிருந்து ஊரின் வாசலுக்கு அருகிலேயே இருக்கிறது. புல்லட்டில் நகரிக்குப் போக அரை மணி போதும். துப்பாக்கி உரிமத்தில் அது செல்லும் பரப்பு எழுதப்பட்டிருக்கும். தமிழ்நாடு என்று மட்டும் இருந்தால், நகரியில் டீ குடிக்க நிறுத்துகிற நேரத்தில் அவர் உரிமமில்லாதவர். அப்படியே திருப்பதி வரை போனாலும் அலிபிரியில் சோதனை உண்டு. திருமலைக்கு ஆயுதம் ஏறக் கூடாது. தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அதற்கும் வண்டியில்தான் போக வேண்டும்.

இதற்கெல்லாம் பழைய வங்கிக் காவலர்கள் கண்ட வழி எளியது. இரட்டைக் குழல் 12 போரை மூன்றாகக் கழற்றலாம்: குழல், முன்கட்டை, அடிக்கட்டை. கழற்றிப் பையில் போட்டால் நீளம் பாதியாகிவிடும். தோட்டாக்கள் தனிப் பையில். பூட்டப்படாத குழலில் நழுவ நாக்கும் இல்லை, அடிக்கச் சுத்தியும் இல்லை. ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை குழி இருந்தாலும் அது குழாயும் மரக்கட்டையும்தான். கைத்துப்பாக்கியில் இதற்கு இணையானது, குழலறையைக் காலியாக வைத்துக்கொண்டு ஓட்டுவது. அதை அவசரத்துக்கு உதவாது என்று மறுப்பவர்கள் உண்டு. ஓடும் வண்டியில் இரண்டு கையும் கைப்பிடியில் இருக்கும்போது எந்த அவசரத்துக்கு எந்தத் துப்பாக்கி உதவும் என்பதை அவர்கள் விளக்கியதில்லை.

இனி வரும் வண்டிகளில் கணக்கு ஓரளவு மாறும். 2024 நவம்பரில் ராயல் என்ஃபீல்டு தன் முதல் மின் மோட்டார் சைக்கிளை மிலானில் காட்டியது. பெயர் ஃபிளையிங் ஃப்ளீ. இரண்டாம் உலகப் போரில் வான்குடையில் இறக்கப்பட்ட அதன் 125 சி.சி. ராணுவ வண்டிக்கு வழங்கிய அதே பெயர். மின் மோட்டாரில் திரும்ப அழைக்க வேண்டிய பிஸ்டன் இல்லை. ஒரு பயணத்துக்கு 3,60,000 உதறல் என்ற கணக்கு அதில் கிட்டத்தட்ட பூஜ்யமாகிவிடும். போல்ட்டுகள் நிம்மதியாக இருக்கும். சாலையின் மெதுவான ஆட்டம் அப்படியே இருக்கும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் நொடிக்கு 4.4 மீட்டர் என்பதும் மாறாது. அதற்கு எஞ்சினோடு சம்பந்தமே கிடையாது.